கேட்பவர் யார், கொடுப்பவர் யார்?

(பொன்விழா மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

மேடையில் நிற்பவர் ஒருவர்தான். ஆனால் இவ்வுரையைத் தயாரித்தவர்கள் மூவர். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம். பிழை கண்டால் மூவரையும் சேர்த்தே கண்டிக்கலாம். விழாக் குழுவினர் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு 'வானொலியும் மக்களும்' என்பது. அது கடல். அதிலிருந்து ஒரு குடம் மட்டும் மொண்டு வந்திருக்கிறோம். ஒரு வானொலி நிலையம் தன்னைக் கேட்பவர்களை எவ்வாறு எண்ணுகிறது, எண்ணியபின் எதைக் கண்டுகொள்கிறது, அதைக் கொண்டு எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு காசு திரட்டுகிறது என்பதே அந்தக் குடம்.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களுள் பலர் டிரான்சிஸ்டரின் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகி, இரைச்சலுக்கு நடுவே மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணியைப் பிடித்தவர்கள். 2018 ஜூன் இறுதியோடு அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்று, வேரித்தாஸ் இணையத்துக்கு மாறிவிட்டது. ஆனாலும் அந்த நாளில் அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, 'நம் பெயரை வாசிப்பார்களா' என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த ஆவலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொழும்பு வானொலிக்கும் அப்படி எழுதியவர்கள் நம்மிடையே உண்டு. கடல் கடந்து பேசிய நிலையத்தார்க்கு நேயரின் முகத்தைக் காட்டிய கண்ணாடி பெரும்பாலும் அந்த அஞ்சலட்டைதான்.

ஆனால் அது அரைகுறைக் கண்ணாடி. ஒருவர் எழுதினார் என்றால், எழுதாமல் கேட்டவர் எத்தனை பேர்? எழுத்தறியாத பாட்டி கேட்டாள். அடுப்படியில் கைவேலையாக இருந்த அம்மா கேட்டாள். கூச்சப்பட்ட பையன் கேட்டான். இவர்களில் எவரும் அஞ்சல் பையில் இல்லை. எழுதுகிறவர் எப்போதும் எழுதுவார், அதே கையெழுத்தில், அதே பாடலைக் கேட்டு! அஞ்சல் பையை மட்டும் நம்பி நிகழ்ச்சி அமைக்கும் நிலையம், உரக்கப் பேசுகிற பத்துப் பேருக்காக ஊரையே நடத்துவது போலாகும்.

நேரில் போய்க் கேட்டால் உண்மை தெரிந்துவிடுமோ? அதிலும் எங்களுக்குச் சொந்த அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு மடலை யார் வாசிக்கிறார்கள் என்று அறிய நாங்கள் மூவரும் வீடு வீடாகச் சென்றோம். சென்ற வீடெல்லாம், 'முதல் வரி முதல் கடைசி வரி வரை வாசிக்கிறோம்' என்றார்கள். காப்பியும் கொடுத்தார்கள். மகிழ்ச்சியோடு திரும்பினோம். இரண்டு வாரம் கழித்துத் திருவிழாக் கடையில் பொரிகடலை வாங்கினால், அது பொட்டலமாக வந்தது நம் மடலில்! மடித்த மடிப்புக்கூடப் பிரிபடாத மடல். மக்கள் பொய் சொன்னார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. வாசல் தேடி வந்தவரின் மனம் நோகக் கூடாதென்று நல்ல வார்த்தை சொன்னார்கள். கேட்ட முறைதான் தவறு.

பெரிய இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் பேர்பெற்ற வார இதழ், அதிபர் தேர்தலில் வெல்லப்போவது யார் என்று அறிய ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு வாக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகள் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று அவ்விதழ் அறிவித்தது. தேர்தலில் 48 மாநிலங்களுள் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். அவர்கள் முகவரி எடுத்தது தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருந்தோர் பட்டியலிலிருந்தும். அந்தப் பஞ்ச காலத்தில் தொலைபேசியும் காரும் யாரிடம் இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, அட்டையைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் ஒரு தனி ரகம். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்பவர் மிகச் சிறிய தொகையினரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கேட்டு, வெல்பவரைச் சரியாகச் சொன்னார். இதழ் 1938-இல் மூடப்பட்டது. குவியல் பெரிதாக இருந்தால் போதாது, ஒரு கைப்பிடியாவது நன்றாகக் கலக்கி எடுத்த கைப்பிடியாக இருக்க வேண்டும். சோறு பதம் பார்க்கிற நம் தாய்மார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வானொலி நேயர் ஆய்வு ஒரு கலையாக வளர்ந்ததும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான். வியன்னா நகரைச் சேர்ந்த பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்னும் அறிஞர் 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய வானொலிக்காக நேயரின் விருப்பங்களைத் திரட்டி, வயது, பால், தொழில் வாரியாகப் பிரித்துப் பார்த்தார். 1936-இல் லண்டன் பி.பி.சி. நிலையம் ராபர்ட் சில்வி என்பவரை அமர்த்தித் தனக்கென நேயர் ஆய்வுப் பிரிவு தொடங்கியது. 1937-இல் ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் பணத்தைக் கொண்டு அமெரிக்காவில் வானொலி ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்க, லாசர்ஸ்ஃபெல்ட் அதன் தலைவரானார். அவரும் ஃபிராங்க் ஸ்டான்டன் என்பவரும் சேர்ந்து ஒரு கருவி செய்தார்கள். நேயரை உட்கார வைத்து ஒரு கையில் பச்சைப் பொத்தானும் மறு கையில் சிவப்புப் பொத்தானும் கொடுத்துவிடுவார்கள். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. நிகழ்ச்சியின் எந்த நொடியில் மனம் சலித்தது என்பது காகிதத்தில் கோடாக விழும். இப்படி ஒரு பொத்தான் எங்கள் பேச்சுக்கு வேண்டாம் என்று விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

பின்னாளில் அமெரிக்காவில் நிலைபெற்ற முறை நாட்குறிப்பு முறை. ஆர்பிட்ரான் என்னும் நிறுவனம் தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு ஒரு சிறு நாட்குறிப்பேட்டை அஞ்சலில் அனுப்பும். நன்றிக் காணிக்கையாகச் சிறு பணமும் உறையில் இருக்கும். வியாழன் தொடங்கி அடுத்த புதன் முடிய, எந்த நிலையத்தை எப்போது தொடங்கி எப்போது வரை கேட்டீர்கள், வீட்டிலா, வண்டியிலா, வேலையிடத்திலா என்று குறித்து அனுப்ப வேண்டும். கால் மணி நேரத்தில் 5 நிமிடமாவது கேட்டிருந்தால் அந்தக் கால் மணி நிலையத்தின் கணக்கில் சேரும். 2007 முதல் பெரிய நகரங்களில் நாட்குறிப்பின் இடத்தை, ஒலியில் மறைந்திருக்கும் குறியைத் தானே கேட்டுப் பதியும் சிறு கருவி பிடித்துக்கொண்டது. 2013-இல் ஆர்பிட்ரானை நீல்சன் நிறுவனம் வாங்கிவிட்டது. கருவி வந்தபின் ஒரு வேடிக்கை தெரிந்தது. நாட்குறிப்பில் மனிதர் தமக்குப் பிடித்த நிலையத்தின் பெயரைத் தாராளமாக எழுதியிருந்தார்கள். கருவியோ அவர்கள் பல நிலையங்களுக்குத் தாவித் தாவிப் போனதைக் காட்டிக் கொடுத்தது.

இனி எங்கள் உரையின் நடுப்பகுதிக்கு வருகிறோம். விளம்பரத்தால் வாழும் நிலையத்துக்கு இந்த எண்ணிக்கை வியாபாரக் கணக்கு. விளம்பரம் இல்லாமல், கேட்பவர் மனமுவந்து கொடுக்கும் காசால் வாழ நினைக்கும் நிலையத்துக்கு அது எதற்கு?

அப்படி வாழ நினைத்தவர்களுள் முன்னோடி லூயிஸ் ஹில் என்பவர். 1949 ஏப்ரல் 15-ஆம் நாள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் கே.பி.எஃப்.ஏ. என்னும் நிலையத்தை அவர் தொடங்கினார். கேட்கக் கூடியவர்களுள் நூற்றுக்கு இரண்டு பேர் ஆண்டுச் சந்தா கட்டினால் நிலையம் நடந்துவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. மற்ற 98 பேரும் காசு கொடுக்காமலே கேட்கலாம். கதவு யாருக்கும் அடைக்கப்படாது. கணக்கு அழகாக இருந்தது, பணம்தான் வரவில்லை. 1950-இல் நிலையம் வாய் மூடியது. கேட்டுப் பழகியவர்கள் சும்மா இருக்கவில்லை. பணம் திரட்டினார்கள், மறு ஆண்டே நிலையம் மீண்டும் பேசியது. நின்றுபோன பிறகே அதன் அருமை தெரிந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இது வேண்டியிருக்கும்.

1967-இல் அமெரிக்க அரசு பொது ஒலிபரப்புச் சட்டத்தை இயற்றியது. முதலில் தொலைக்காட்சிக்கென்றே வரையப்பட்ட மசோதா அது. வானொலி பின்னர் உள்ளே நுழைந்தது. அரசுப் பணத்தை நிலையங்களுக்குப் பகிர்ந்தளிக்க ஒரு கழகம் ஏற்பட்டது. 1970-இல் நேஷனல் பப்ளிக் ரேடியோ அமைந்து, 1971 மே 3-ஆம் நாள் தன் மாலைச் செய்தி நிகழ்ச்சியைத் தொடங்கியது. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நடத்திய சிறு நிலையங்களே பெரும்பாலும் அதன் உறுப்பினர்கள். ரீகன் காலத்தில் அரசுப் பணம் குறைந்தது. 1983-இல் நேஷனல் பப்ளிக் ரேடியோ ஏறத்தாழ 70 லட்சம் டாலர் கடனில் மூழ்கி, கழகத்திடம் கடன் வாங்கித் தப்பியது. அந்த அடி விழுந்த பிறகுதான் நிலையத்தார் பலர் திரும்பிப் பார்த்து, 'நம்மைக் கேட்பவர் யார்?' என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். அதுவரை பலர், 'நாம் நல்லதை ஒலிபரப்புகிறோம். கேட்டால் அவர்களுக்குப் புண்ணியம்' என்ற நினைப்பில் இருந்தவர்கள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் முக்கியமானவர் டேவிட் ஜியோவனோனி என்னும் ஆய்வாளர். 1988-இல் அவரும் துணைவர்களும் வெளியிட்ட ஆய்வுக்கு 'ஆடியன்ஸ் 88' என்று பெயர். நாட்குறிப்பில் பொது வானொலியின் பெயரை எழுதியிருந்தவர்களையே மீண்டும் தேடிப் போய் அவர்கள் கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்பது ஏற்கெனவே அவரவர் கையெழுத்தில் இருந்தது. யார், எப்படிப்பட்டவர், கொடுத்தாரா என்பதுதான் புதுக் கேள்வி. பங்கு மடல் விஷயத்தில் நாங்கள் செய்யத் தவறியது இதுதான்.

அவர்கள் கண்டது பல. எங்களுக்குப் பிடித்தது ஒன்று. நேயர்களை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒருவர் ஒரு வாரத்தில் வேறெந்த நிலையத்தையும்விட நம் நிலையத்தையே அதிக நேரம் கேட்டால், அவரை நாம் 'உற்ற நேயர்' எனலாம். எட்டிப் பார்த்துவிட்டு வேறிடம் போகிறவர் 'வழிப்போக்கு நேயர்'. உற்ற நேயர் தலையெண்ணிக்கையில் பாதிக்கும் குறைவு. ஆனால் நிலையம் கேட்கப்படும் நேரத்தில் பெரும்பகுதி அவர்களுடையது. எடுத்துக்காட்டாக, 1,000 பேர் வாரத்துக்கு ஆளுக்கு 1 மணி கேட்டால் 1,000 மணி. 500 பேர் ஆளுக்கு 3 மணி கேட்டால் 1,500 மணி. தெருவில் போகிறவரையெல்லாம் கைதட்டிக் கூப்பிடுவதைவிட, உள்ளே வந்தவர் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது மேல் என்று நிலையத்தார் உணர்ந்தார்கள்.

வந்தவர் ஏன் எழுந்து போனார்? ஒரே கட்டிடத்தில் காலையில் இட்லிக் கடை, நண்பகலில் செருப்புக் கடை, மாலையில் மருந்துக் கடை நடத்தினால், காலையில் வந்தவர் மாலையில் வருவாரா? காலையில் செய்தி, பிறகு மேற்கத்தியச் செவ்விசை, பிறகு நாட்டுப்பாடல், இரவில் ஜாஸ் என்று பல நிலையங்கள் அப்படித்தான் நடந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு கூட்டம் எழுந்து போயிற்று. ஒரே மனப்பாங்குள்ள நேயருக்குப் பொருந்துமாறு நிகழ்ச்சிகளை அடுக்கிய நிலையங்கள் வளர்ந்தன.

கொடுப்பதைப் பற்றியும் தெளிவு பிறந்தது. பணம் கேட்கும் வாரத்தில் அறிவிப்பாளர் எவ்வளவு கெஞ்சினார், துணிப்பை கொடுத்தாரா, காப்பிக் கோப்பை கொடுத்தாரா என்பதெல்லாம் பிற்பாடு. 'இந்த நிலையம் இல்லாவிட்டால் என் நாள் நாளாக இராது' என்று நினைக்கும் அளவுக்கு அதைச் சார்ந்திருப்பவரே கொடுக்கிறார். அதோடு இன்னொன்றும் வேண்டும்: 'என்னைப் போன்றவர் கொடுக்காவிட்டால் இது நடக்காது' என்பது அவர் மனத்தில் பட வேண்டும். அரசு கொடுக்கிறது, பல்கலைக்கழகம் கொடுக்கிறது என்று நினைப்பவர் எத்தனை விரும்பிக் கேட்டாலும் கையைப் பையில் விடுவதில்லை. வருமானம் கொடையின் அளவைக் கூட்டும் அல்லது குறைக்கும்; கொடுக்கும் மனத்தை அதுவே பிறப்பிப்பதில்லை. நம் விழாவுக்கு வசூலுக்குச் சென்றவர்கள் இதை ஆமோதிப்பார்கள் என்று நம்புகிறோம். எந்த வீட்டில் முகம் மலர்ந்தது, எந்த வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பத்தாண்டு கழித்து 'ஆடியன்ஸ் 98' என்று மற்றோர் ஆய்வு வந்து இக்கருத்தை மேலும் உறுதி செய்தது. பொது வானொலியைக் கேட்பவரும் பெருகினர், கொடையும் பெருகியது.

இதுவரை எல்லாம் வெற்றிக் கதை. இங்கே நிறுத்திவிடலாம் என்று எங்களுள் ஒருவர் சொன்னார். மற்ற இருவரும் ஒப்பவில்லை.

ஏனென்றால், எண்ணிக்கை நுழைந்த இடத்தில் சிலருடைய பாட்டு வெளியேறியது. வாஷிங்டன் நகரின் டபிள்யூ.ஏ.எம்.யூ. நிலையம் நெடுங்காலமாகப் புளூகிராஸ் என்னும் மலைநாட்டு நாட்டுப்புற இசைக்குப் பேர்போனது. 2001-இல் வாரநாள் பிற்பகல்களில் அந்த இசையை எடுத்துவிட்டுச் செய்தியும் உரையாடலும் வைத்தார்கள். பாட்டைக் கேட்டு வந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். செய்திக்கு நேயர் அதிகம் என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் பிற்பகலில் அந்த இசையோடு வாழ்ந்தவருக்கு அந்தக் கணக்கு எப்படி ஆறுதலாகும்?

இன்னொன்றும் உண்டு. 'ஆடியன்ஸ் 88' கண்டபடி, பொது வானொலியைக் கேட்பவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் முதல் அடையாளம் அவர் பெற்ற கல்வி. கல்லூரி கண்டவரே அதிகம் கேட்டனர். கேட்பவருக்கு ஏற்ப நிகழ்ச்சி அமைக்க, அந்த நிகழ்ச்சி அதே வகையினரை மேலும் இழுக்க, வட்டம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டது. கல்லூரி காணாதவர் கேட்கவில்லை என்று ஏட்டில் எழுதினார்கள். அவருக்கென்று எதை ஒலிபரப்பினார்கள் என்ற கேள்வி அந்த நாட்குறிப்பேட்டில் இல்லை. இந்த ஆய்வாளர்களை நாங்கள் குறைசொல்லவில்லை. வந்தவரை எண்ணும் வேலையை அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். வராதவரை எண்ணச் சொல்லி யாரும் அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை என்பதே எங்கள் கருத்து.

இது வெறும் வாதமாக இருந்த காலம் போய்விட்டது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு முன்பு ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. 1967-இன் சட்டத்தால் பிறந்த அந்தக் கழகம் அடுத்த மாதமே தன் பணிகளை முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. செய்தி கேட்டுப் புதிதாகக் கொடுக்க முன்வந்தவர்கள் பலர். பெர்க்லியில் 1950-இல் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய நகரத்து நிலையங்களுக்கு உற்ற நேயர் பல்லாயிரவர், அவர்கள் கைகொடுப்பார்கள்.

ஆனால் அலாஸ்காவில் பெத்தல் என்றொரு ஊர் உண்டு. வெளியூரிலிருந்து அங்கே செல்லச் சாலை கிடையாது. விமானமும் ஆறும்தான் வழி. 1971 முதல் கே.ஒய்.யூ.கே. என்னும் வானொலி நிலையம் அங்கே ஆங்கிலத்திலும் யூப்பிக் என்னும் அம்மண்ணின் மொழியிலும் பேசி வருகிறது. சுற்றிலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் மீனவரும் வேட்டைக்காரரும் அதன் நேயர்கள். அதன் வருமானத்தில் பெரும்பகுதி அந்தக் கழகத்தின் வழியாக வந்த பணம். 2025 அக்டோபரில் ஹாலோங் சூறாவளியின் எச்சம் அக்கரையோரத்தைத் தாக்கியது. கிப்னுக், குவிகில்லிங்கோக் என்னும் சிற்றூர்களில் வீடுகள் அடித்தளத்திலிருந்து பெயர்ந்து மிதந்து போயின. நூற்றுக்கணக்கானோர் விமானங்களில் ஏற்றிச் செல்லப்பட்டனர். அந்நாட்களில் அம்மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே செய்தி சொன்னது அந்தச் சிறு நிலையம்.

ஆய்வின் அளவுகோலால் பார்த்தால் அவர்களைவிட உற்ற நேயர் உலகில் எவரும் இரார். அந்த நிலையம் இல்லாவிட்டால் நாள் நாளாக இராது என்பது அவர்களுக்கு வெறும் பேச்சில்லை. அது தங்களால்தான் நடக்க வேண்டும் என்பதும் இப்போது அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆட்கள் குறைவு. வீட்டை வெள்ளத்தில் விட்டவர் எதைக் கொடுப்பார்? ஹில் என்பாரின் நூற்றுக்கு இரண்டு கணக்கு பெர்க்லிக்குப் பொருந்தலாம். அங்கே நூற்றுக்கு நூறு பேரும் கொடுத்தாலும் ஒலிபரப்புக் கோபுரத்தின் மின்கட்டணத்துக்குப் போதுமோ என்று எங்களுக்கு ஐயம்தான்.

இவ்வுரையை எழுதும்போது நாங்கள் மூவரும் அதிக நேரம் வழக்கிட்டது இந்த இடத்தில்தான். நகரத்து நேயர் தம் நிலையத்துக்குக் கொடுப்பதோடு அந்தத் தூரத்து நிலையத்துக்கும் கொடுப்பாரா? தான் ஒருநாளும் கேட்கப்போகாத, கேட்டாலும் புரியாத ஒரு குரலுக்காக அவர் கையைப் பையில் விடுவாரா? விடுவார் என்கிறார் ஒருவர். விடமாட்டார், அரசுதான் கொடுக்க வேண்டும் என்கிறார் மற்றவர். மூன்றாமவர், அந்த நேயரையே போய்க் கேளுங்கள், ஆனால் காப்பி குடித்துக்கொண்டே கேட்காதீர்கள் என்கிறார்.

விழாக் குழுத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இளைஞர்கள் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு திரைக்குப் பின்னே நாடகத்துக்குக் காத்திருக்கிறார்கள்.